மறுசரிவு

குறுகிய பனிமுகட்டில் ஒரே கயிற்றில் பிணைந்து நடப்பவர்களுக்கு மலையேறிகள் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. கூட வருபவன் இடப்புறம் விழுந்தால், நீ அந்தக் கணமே வலப்புறம் குதித்துவிடு. கயிறு முகட்டின் குறுக்கே விழும், இரண்டு உடல்களும் தராசுத் தட்டுகள் போல இருபுறமும் தொங்கும், இருவரும் பிழைக்கலாம். நின்ற இடத்தில் காலை ஊன்றி இழுத்துப் பிடிக்க முயன்றால், இறுகிய பனியில் அநேகமாக அவன் போன வழியேதான் இவனும் போவான்.

ஸ்நேகம் பற்றிய நம் கருத்துகள் எல்லாம் பிடித்துக்கொள்வது சம்பந்தப்பட்டவை. கைகொடுப்பது, தாங்குவது, கூட நிற்பது. ஆடை நழுவும்போது யோசிக்காமல் அங்கே போகிற கையை வள்ளுவர் நட்புக்கு உவமையாக்கினார். யோசிக்காத வேகம் முகட்டிலும் வேண்டும். ஆனால் திசை வேறு. கை நழுவுகிற ஆடையை நோக்கிப் போகிறது. முகட்டில் இருப்பவனோ விழுகிறவனுக்கு முதுகைக் காட்டிக் குதிக்கவேண்டியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இது கைவிடுதலாகத் தெரியும்.

இதைத் தர்க்கமாக மட்டும் சொல்லவில்லை. ஒரு ஜனவரியில் நாங்கள் நால்வர் கர்வாலில் கேதார்காந்தாவுக்குப் போனோம். சாங்க்ரி கிராமத்திலிருந்து பைன், தேவதாருக் காடுகளைக் கடந்து ஏறவேண்டும். உச்சி சுமார் 12,500 அடி. கடைசி முகட்டுக்குக் கயிறு தேவையில்லை, காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள் போதும். விடியுமுன் அந்த முகட்டில், காற்றில், என்னால் முடியவில்லை என்று உட்கார்ந்தேன். ஒரு ஸ்நேகிதர் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டார். இன்னொருவர் செய்வதறியாமல் நின்றார். வழியெல்லாம் என்னோடு எதைப்பற்றியும் சண்டை போட்டுக்கொண்டு வந்த மூன்றாமவர் உட்காரவுமில்லை, அனுதாபப்படவுமில்லை. "மேலேயோ கீழேயோ, எங்கேயாவது நட. இங்கே உட்காராதே" என்று கத்தினார். பிறகு என்னைத் திட்டிக்கொண்டே இறக்கிக் கூட்டிவந்தார். உச்சியை அவரும் பார்க்கவில்லை.

அணைத்துக்கொண்டவரின் அன்பு உண்மையானது. ஆனால் அது நான் சரிந்த பக்கமே சரிந்தது. ஒரே பக்கம் விழுகிற இருவர் பரஸ்பரம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், காப்பாற்றிக்கொள்ள முடியாது. நம்மோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவனையே சிறந்த ஸ்நேகிதன் என்று நினைக்கிறோம். இலக்கிய நட்புகளிலும், ஏன், சிறு பத்திரிகைக் குழுக்களிலும் நிலைமை இதுதான். ஒத்துப்போவதில் எதிர்க்கனம் கிடையாது.

அப்படியென்றால் பிணைப்பே வேண்டாமே என்று கேட்கலாம். 1957இல் காரகோரத்தின் சோகோலீஸா சிகரத்தில் ஹெர்மன் புஹ்லும் குர்ட் டீம்பெர்கரும் புயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இடையில் கயிறு இல்லை. காற்று முகட்டின் ஓரத்தில் பனியை இறவாணம் போல வெளியே நீட்டிக் கட்டியிருக்கும். மேலே நடப்பவனுக்கு அதுவும் தரையாகவே தெரியும். பின்னால் வந்த புஹ்லின் காலடியில் அது உடைந்தது. டீம்பெர்கர் திரும்பிப் பார்த்தபோது யாருமில்லை. மறுபுறம் குதிக்க அவருக்கு மனம் இருந்திருக்கலாம்; குதித்தாலும் பயனில்லை.

கயிறு மட்டும் இருந்தாலும் போதாது. 1985இல் பெருவின் ஸியுலா க்ராண்டே மலையில் ஜோ ஸிம்ப்ஸனின் கால் முறிந்தது. ஸைமன் யேட்ஸ் அவரைக் கயிற்றில் கட்டிப் புயலிலும் இருளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். ஸிம்ப்ஸன் ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்க நேர்ந்தது. மேலே பனியில் குழி பறித்து உட்கார்ந்திருந்த யேட்ஸ் அங்குலம் அங்குலமாகச் சரியத் தொடங்கினார்; கடைசியில் கயிற்றை அறுத்தார். பனிப்பிளவுக்குள் விழுந்த ஸிம்ப்ஸன் பிழைத்து, நாட்கணக்கில் தவழ்ந்து முகாமை அடைந்தார். யேட்ஸைக் குறை சொன்னவர்கள் உண்டு, ஸிம்ப்ஸன் சொல்லவில்லை. அவர் இடத்தில் தானும் அதையேதான் செய்திருப்பேன் என்பது அவர் நிலை.

இங்கே மேலே ஒருவர், கீழே ஒருவர். குதிப்பதற்கு மறுசரிவு கிடையாது. இந்த நிலையில் கயிறு நட்பின் சின்னம் அல்ல, வெறும் புவியீர்ப்பு. அறுக்கக்கூடாது என்று சமவெளியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் கேட்பது உதவியை அல்ல, உடன்கட்டையை. தர்மம் நிலத்தின் அமைப்பை மீறியது என்று நம்பும் எல்லா ஒழுக்கவாதமும் இந்த இடத்தில் குரூரமாகிவிடுகிறது.

எனவே கேள்வி எவ்வளவு இறுகப் பிடிக்கிறோம் என்பதல்ல. நமக்கிடையில் ஒரு முகடு இருக்கிறதா, இரண்டு பக்கங்கள் இருக்கின்றனவா என்பதே. இருந்தால், இன்னொரு விஷயமும் நடக்கிறது. மறுபுறம் குதித்தவனும் இப்போது பாதாளத்தின் மேல்தான் தொங்குகிறான். அவனைத் தாங்குவது எது? முதலில் விழுந்தவனின் கனம். காப்பாற்றியவன் யார், காப்பாற்றப்பட்டவன் யார் என்று அந்தக் கயிற்றிடம் கேட்க முடியாது. நன்றிக்கடன் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.