நோன்புக் கஞ்சியும் நம் அவசரமும்

மஃரிபு பாங்கு சொன்னதும் நமது பள்ளிவாசல்களில் நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். பேரீச்சம்பழம் வாய்க்குள் போகும். அடுத்த கணமே கஞ்சிக் கோப்பை உதட்டுக்கு வரும். நாக்கு வெந்தாலும் சரி, இகாமத்துக்குள் கோப்பையைக் காலி செய்து முதல் ஸஃப்பைப் பிடித்துவிட வேண்டும்.

சில ரமலான்களுக்கு முன் ஏழு வயதுப் பேரனை உடன் அழைத்துச் சென்றேன். அவனுக்கு அது முதல் நோன்பு. "சுடுது நன்னா" என்று ஊதத் தொடங்கினான். "ஊதாதே, சுன்னத்துக்கு மாற்றம். சட்டென்று குடி, ஜமாஅத் போய்விடும்" என்று அதட்டினேன். குடித்துவிட்டான். அன்றிரவு அவனால் சோறு விழுங்க முடியவில்லை. மேலண்ணத்தில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. சஹருக்கு எழுப்பியபோது, "இன்னிக்கும் கஞ்சி குடிக்கணுமா?" என்று கேட்டான்.

பாத்திரத்தில் ஊதுவதை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஊதக் கூடாதென்றால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதானே பொருள்? அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் தரீத் சமைத்தால் அதன் சூட்டு வேகம் தணியும்வரை மூடி வைப்பார்களாம். அதில்தான் பரக்கத் அதிகம் என்று பெருமானாரிடம் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

"நோன்பு திறப்பதில் தாமதம் கூடாதே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த விரைவு ஒரு பேரீச்சம்பழத்தோடு, ஒரு மிடறு தண்ணீரோடு நிறைவேறிவிட்டது. அதற்குப் பின் வருவது சுன்னத்தின் விரைவன்று, நம்முடைய அவசரம். ஜமாஅத்தைச் சொல்லியும் தப்ப முடியாது. இரவு உணவு வைக்கப்பட்டால் மஃரிபு தொழுமுன் அதை உண்ணுங்கள், அவசரப்படாதீர்கள் என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலேயே இருக்கிறது. இமாம் ஓதுவது காதில் விழுந்தும் இப்னு உமர் (ரலி) உண்டு முடிக்காமல் எழமாட்டார்களாம். நமக்கோ பின் ஸஃப்பில் நிற்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம்!

கஞ்சி தண்ணீரைப் போன்றதன்று. மேலே ஆடை படிந்து ஆறியதுபோல் தோன்றும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். குழைவாக இருப்பதால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சுடும். சுட்டுவிட்டால் குளிர்ந்த நீரை வாயில் சற்று வைத்துக் கொப்பளிப்பது நல்லது. 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகிவருவது உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாகக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் அறிவித்தது. தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

என் நாக்கை நான் சுட்டுக்கொண்டிருந்தால் தவ்பாவோடு போயிருக்கும். வெந்தது அவன் வாய். அது அடியானுக்குரிய ஹக்கு. ஆகவே சஹருக்கு முன்பே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் சிறுவனிடம் கேட்பதா என்று வீட்டில் சிலருக்கு வருத்தம். அன்று மாலை நாங்கள் இருவரும் கோப்பையை மூடி வைத்துவிட்டுத் தொழப் போனோம். திரும்பி வந்தபோது கஞ்சி குடிக்கும் பதத்தில் இருந்தது.