கயிற்றைப் பிடித்திருக்கிறவன் யார்?

தியானப் பகுதி: 1 சாமுவேல் 14:1-15, பிரசங்கி 4:9-12





நாம் சமவெளிக்காரர். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் போனால் வருகிற யானைமலைதான் நமக்குப் பெரிய மலை. எவரெஸ்ட் ஏறினவர்களைப் பற்றி பாஸ்டர் எதற்கு எழுதுகிறார் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பொறுமையாய் வாசியுங்கள்.

1953-ம் வருஷம். நியூசிலாந்துக்காரர் எட்மண்ட் ஹிலாரியும் ஷெர்பா டென்சிங் நார்கேயும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு எவரெஸ்ட்டின் அடியிலுள்ள பனிப்பாறைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பனிவெடிப்பைத் தாண்ட ஹிலாரி குதித்தார். பனி உடைந்தது, ஆள் உள்ளே போய்விட்டார்! டென்சிங் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. தன் பனிக்கோடரியைத் தரையில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டார். ஹிலாரி பிழைத்தார். மே 29-ம் தேதி அதே இருவர் உச்சியில் நின்றார்கள்.

முதலில் கால் வைத்தது யார் என்று பத்திரிகைகள் குடைந்து குடைந்து கேட்டன. சேர்ந்தே ஏறினோம் என்றார்கள். சில வருஷம் கழித்து டென்சிங்கே தன் புத்தகத்தில், ஹிலாரிதான் ஓரிரு அடி முன்னே போனார் என்று சொல்லிவிட்டார். அதனால் அவருக்கு என்ன குறைந்துபோயிற்று?

1963-ல் டென்சிங்கின் சகோதரி மகன் நவாங் கோம்பு, அமெரிக்கர் ஜிம் விட்டேக்கரோடு ஏறினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே 'நீ முதலில் போ' என்று ஒருவரையொருவர் முன்னே அனுப்பப் பார்த்தார்கள். கடைசியில் தோளோடு தோளாய்ச் சேர்ந்தே கால் வைத்தார்கள். நம் தேசம் 1960-லும் 1962-லும் உச்சியருகே போய்த் திரும்பி, 1965-ல் கோலி அவர்களின் தலைமையில் 9 பேரை உச்சியில் நிறுத்திற்று. நின்றவர்கள் 9 பேர்தான். மூட்டை சுமந்து, கூடாரம் போட்டு, வழி திறந்து, உச்சியைக் காணாமலே இறங்கினவர்கள் அவர்களைவிட அநேகர்.

வேதத்திலும் ஒரு மலையேற்றம் உண்டு. போசேஸ், சேனே என்ற இரண்டு செங்குத்துப் பாறைகள். மேலே பெலிஸ்தர். யோனத்தான் கைகளாலும் கால்களாலும் தொற்றி ஏறினான். பின்னாலே யார்? அவனுடைய ஆயுததாரி. 'உம் இருதயத்தில் இருக்கிறதைச் செய்யும், நான் கூட வருகிறேன்' என்ற கருத்தில் பேசினானே, அவன்தான். அவன் பேர் என்ன? வேதம் சொல்லவில்லை. தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கினவர்கள் பேரும் இல்லை. கயிறு அவர்கள் கையில் இருந்தது, அல்லேலூயா!

கயிறு பிடிக்கிறதிலும் ஒரு விஷயம் உண்டு. ஆபத்தான இடத்தில் ஒருவன் நகரும்போது மற்றவன் ஊன்றி நிற்கவேண்டும். கயிறு தளர்ந்து கிடந்தால், விழுகிறவன் வெகு ஆழம் போனபிறகுதான் அது பிடிக்கும். வெடுக்கென்று இழுத்தாலோ, நடக்கிறவனே கவிழ்ந்துபோவான். நம் சபையில் இரண்டும் நடக்கிறது. புதிதாய் வந்த சகோதரி உட்காருமுன்னே கம்மலைப் பற்றிக் கேட்கிறோம். அது வெடுக்கென்று இழுக்கிறது. அவள் மூன்று வாரம் வராவிட்டால், 'உலகத்துக்குப் போயிட்டா' என்று முடித்துவிடுகிறோம். அது தளரவிடுகிறது.

இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிற ஒரு சகோதரன் போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார். குடியை விட்டவர். கன்வென்ஷன் சமயத்தில் ஐந்து ஞாயிறு அவரைக் காணோம். அந்த ஐந்து வாரமும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? நோட்டீஸில் யார் பேர் முதலில் வரவேண்டும் என்று இரண்டு ஜெபக்குழுக்களும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். நானும் அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது வாரம் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி, குடித்திருந்தார். "பாஸ்டர், தண்ணியிலேர்ந்து ஏறின அன்னிக்கு எல்லாரும் கட்டிப்பிடிச்சீங்க. அப்புறம் ஒருத்தர்கூட என் வாசல்ல வந்து நிக்கலையே" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர் மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதைச் சபையில் அறிக்கை செய்தேன். இரண்டு குழுத் தலைவர்களும் எழுந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். வருகிற கன்வென்ஷன் நோட்டீஸில் நம் ஊழியர் பேர் ஒன்றும் வராது. பூ மார்க்கெட்டில் வேலை செய்கிற இரண்டு சகோதரர் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவரோடு நின்று டீ குடிக்கிறார்கள். பிரசங்கம் ஒன்றும் கிடையாது, டீ மாத்திரம். இதை எழுதுகிற வரைக்கும் அவர் சபைக்கு வரவில்லை. ஆனால் நான்கு நாளாய் அந்த இருவருக்கும் முன்னாலேயே டீக்கடைக்கு வந்து நிற்கிறாராம்.