நோட்டில் லட்சுமி

2022 அக்டோபரில் அன்றைய டெல்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால், ரூபாய் நோட்டில் காந்தியோடு லட்சுமி, விநாயகர் படங்களையும் அச்சிடக் கேட்டார். பொருளாதாரம் தேற அருளும் வேண்டுமாம். (அமெரிக்கர்கள் 1957 முதல் காகித டாலரிலும் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று அச்சிடுகிறார்கள், நாம்தான் பிந்திவிட்டோம்!)

சிங்கப்பெருமாள் கோவில் வாசலில் பூக்கட்டி விற்கும் அக்கா போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது அவர் பக்தி, யாரும் ஏவவில்லை. அரசே படம் போட்டால் கதை வேறு. கூலியாகவோ சம்பளமாகவோ வரும் அந்த நோட்டை ஒரு முஸ்லிம் பெண்ணோ, சாமி கும்பிடாத என் போன்றவளோ வேண்டாமென்று திருப்பித் தர முடியாது.

அதுவும் ஏன் லட்சுமி? மகளை மகாலட்சுமி என்று கொஞ்சிய வீடுகள் அவளுக்குச் சொத்தில் பங்கு தரவில்லை. பக்கத்துச் செங்கல்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1989இல்தான் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. அதற்குமுன் மணமாகிப் போனவர்களுக்கு அப்போது அதுவும் கிடைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் பெயரிலேயே மதம் இருக்கிறது. தாம்பரம் ரயிலில் என்னோடு வரும் முஸ்லிம் தோழிக்கு அது பொருந்தாது. அவருக்குத் தம்பியின் பங்கில் பாதிதான். ரூபாய் நோட்டுப் பேச்சு வந்தால் அவர் முதலில் எடுப்பது இதைத்தான்.