தொங்கும் உள்கூரை

காரின் உள்கூரை மூன்று அடுக்கு கொண்டது: அச்சில் அழுத்திய அட்டை, அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்ச், கண்ணுக்குத் தெரியும் துணி. பல கோடைகளைத் திறந்தவெளியில் கழித்த காரில் துணி தொங்க ஆரம்பித்ததும் பழி துணியின்மேல் விழுகிறது. கெட்டது பெரும்பாலும் துணியல்ல. நடுவிலுள்ள பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச்தான் வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்து மாவாகிறது. அந்த மாவின்மேல் புதுப் பசை எதையும் பற்றாது. குண்டூசி குத்துவதும் சில நாள் சமாளிப்புதான்.

அப்படியானால் அட்டையையே வெளியே எடுக்க வேண்டும். என்ஜினுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லாத, யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒன்றுக்காக இவ்வளவு பிரிப்பது தகுமா? துணி பின்கண்ணாடியை மறைத்தால் கேள்விக்கே இடமில்லை. மற்றபடி, விற்கப்போகும் காருக்கு இதைச் செய்வதில் கொஞ்சம் பூச்சு வேலை கலந்திருக்கிறது. வைத்து ஓட்டப்போகும் காருக்கு அந்த உறுத்தல் இல்லை.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண் உறைகள், கதவு பீடிங். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடையும். மாற்றுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வைப்பது நல்லது. முன்சீட்டைச் சாய்த்து, அட்டையை வளைக்காமல் பின்கதவு வழியே எடுக்க வேண்டும். அட்டை ஒருமுறை மடிந்தால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

பொறுமையைச் சோதிப்பது சுரண்டல். பொடிந்த ஸ்பாஞ்சைப் பிரஷ்ஷால் தேய்த்து, அட்டையின் மேற்பரப்பு பிய்யாமல் முழுதும் நீக்க வேண்டும். முகமூடி அவசியம். இதில் காட்டும் அவசரம் பிறகு துணியில் மேடுபள்ளமாகத் தெரியும். பெருமைக்குரிய பகுதி புதுத் துணி என்று பலர் நினைத்தாலும், வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது பின்னால் மறைந்துவிடப்போகும் இந்தச் சுரண்டல்தான்.

வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பசையை அட்டையிலும் புதுத் துணியின் ஸ்பாஞ்ச் பக்கத்திலும் அடித்து, கையில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை விட வேண்டும். துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு போனால் சுருக்கம் விழாது. இழுத்து ஒட்டினால் குழிவுகளில் மறுபடி கிளம்பிவிடும்.

மாட்டுவது தலைகீழ் வரிசை. அட்டையை ஏற்றுமுன் மேலே ஓடும் வயர்கள் நசுங்காமலிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தகரத்தில் துரு இருந்தால் தேய்த்துப் பூச இதுவே சமயம். வைசரும் கைப்பிடிகளும் அட்டையைத் தாங்கிக்கொண்டபின் மற்றவை. ஏர்பேக் விரியும் வழியில் எதுவும் குறுக்கிடாதபடி தூண் உறைகள் சரியாக அமர்ந்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும்.