மறைத்துக் கொடுக்கும் காசு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே சங்க மண்டபத்தில் சிறிது நேரம் பேசும்படி செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். நான் ஆலிம் அல்லன். ஊர் மதரஸாவில் ஓதினேன். ஆரம்பப் பாடசாலையோடு படிப்பு நின்றது. பிறகு கற்றதெல்லாம் கல்லாப் பெட்டியின் பக்கத்தில்தான். ஆகவே மார்க்கச் சட்டம் சொல்ல வரவில்லை. ஒரு கடைக்காரன் மற்றக் கடைக்காரர்களிடம் மனம் விட்டுப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக.

எடுத்துக்கொண்ட விஷயம் வேடிக்கையாகத் தோன்றலாம். கனடா நாட்டு இளைஞர்கள் ஆடும் ஹாக்கி. நம் பாடாங்கில் புல்தரையில் ஆடும் ஹாக்கி அன்று. பனித்தரையில், கத்தி பொருத்திய சப்பாத்து அணிந்து, ரப்பர் வில்லையைக் கோலால் அடித்து ஆடுவது. என் மூத்த சகோதரியின் மகன் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலையாக இருக்கிறான். சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பினாங்கு வந்திருந்தபோது, கடை சாத்திய பின் தேநீர் அருந்திக்கொண்டே அவன்தான் இதைச் சொன்னான்.

அங்கே பதினாறு வயது முதல் இருபது வயது வரையுள்ள பையன்களுக்கு மூன்று பெரிய லீக்குகள் இருக்கின்றன. மூன்றிலும் சேர்த்துச் சுமார் 60 கிளப்புகள். சில கிளப்புகள் எல்லை தாண்டி அமெரிக்காவிலும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டங்கள். பையன் தன் இஷ்டப்படி கிளப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. கிளப்புகளே முறை வைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆட்டத்தில் பின்தங்கிய கிளப்புக்கு முன்னால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. பணக்காரக் கிளப்பே நல்ல பையன்களையெல்லாம் வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. தேர்ந்தெடுக்கப்பட்ட பையன் பெற்றோரைப் பிரிந்து வேற்றூர் போய், கிளப் ஏற்பாடு செய்யும் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடத்துக்கும் போவான். கிளப் அவனுக்குக் கொடுக்கக் கூடியது இன்னின்னது என்று விதி இருக்கிறது: தங்குமிடம், ஆட்டக் கருவிகள், சிறு கைச்செலவுப் பணம், ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்லூரிப் படிப்புச் செலவு. கைச்செலவுப் பணம் நெடுங்காலம் வாரத்துக்குச் சில பத்து டாலர்தான்.

இனி, உலகம் போகிற போக்கைப் பாருங்கள். கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருப்பான். “அந்த ஊருக்கு என் மகன் வரமாட்டான், அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிறான்” என்பார் தகப்பனார். அப்பொழுதுதான் கதவைச் சாத்திவிட்டுப் பேச்சு நடக்கும். எழுதிய ஒப்பந்தம் ஒன்று, எழுதாத ஒப்பந்தம் ஒன்று. நம் ஊரில் காப்பிக் காசு என்கிறோமே, அதன் அண்ணன் தம்பி இது.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், விண்ட்ஸர் நகரத்துக் கிளப், பையன்களைச் சேர்க்கும் விதிகளை மீறியதாக ஒன்டாரியோ லீக் அதற்கு 4 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வருங்காலத் தேர்வு வாய்ப்புகள் சிலவும் பறிபோயின. 2009-லும் 2010-லும் கனடா இளைஞர் ஹாக்கியின் மிகப் பெரிய கோப்பையை வென்ற கிளப் அது. கிளப்பார் முறையிட்ட பின் தண்டனை குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், மேற்கத்திய லீக்கில் ஆடும் போர்ட்லண்ட் கிளப்புக்கு 2 லட்சம் டாலர் அபராதம். அதன் பயிற்சியாளர் அந்தப் பருவத்தின் எஞ்சிய காலம் முழுவதும் விலக்கிவைக்கப்பட்டார். 2013-ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் ஐந்து சுற்றுகளில் அவர்களுக்கு இடமில்லை என்றும் தீர்ப்பாயிற்று.

என் மருமகன் கேட்டான்: “உழைக்கிற பையனுக்குத்தானே மாமா கொடுக்கிறார்கள்? அதில் என்ன குற்றம்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வராத காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போர்ட்லண்ட் கிளப் செய்ததாகக் கண்டது என்னவென்றால், ஏழு குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துவர விமான டிக்கெட். இரண்டு பையன்களுக்கு ஒரு வாரக் கோடைப் பயிற்சிச் செலவு. அணித் தலைவனுக்கு ஒரு கைத்தொலைபேசி. இவ்வளவுதான்! வசதிக் குறைவைப் பார்த்தே டிக்கெட் கொடுத்ததாகவும் சொல்லப்பட்டது. கேட்டபோது என் மனம் இளகியது. வசதியில்லாத ஒரு தாய் தூரதேசத்திலிருந்து வந்து மகனைப் பார்ப்பது பாவமா? ஸதகா போலல்லவா இருக்கிறது?

இந்த இடத்தில்தான் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள ஒரு ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இந்தப் பங்கு உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அந்த மனிதர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று பொருள்படக் கேட்டார்கள். சகோதரர்களே, எத்தனை எளிய தராசு! அந்தப் பையன் கோல் பிடிக்கத் தெரியாமல் தன் தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தால், டிக்கெட் வந்திருக்குமா?

ஆயினும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஏழைத் தாய்க்கு டிக்கெட் நல்ல காரியமென்றால், லீக்கின் கூட்டத்தில் எழுந்து நின்று, “எல்லாக் கிளப்பும் கொடுப்போம், விதியில் எழுதுவோம்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றவர்களும் கொடுப்பார்கள். தங்களுக்கு மட்டும் கிடைக்கிற அனுகூலம் போய்விடும்.

லீக்காரர்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. டிக்கெட் காசு, விளம்பரக் காசு எல்லாம் வாங்கிக்கொண்டு, ஆடுகிற பிள்ளைக்குப் பாக்கெட் செலவு மட்டும் கொடுப்பது எந்த நியாயம்? உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்துத் திருமறையில் ஒரு தனி ஸூராவே இருக்கிறது. நிறுவையில் குறைப்பது பருப்பிலும் அரிசியிலும் மட்டுந்தானா? 2014-இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டுக் கனடாவில் வழக்குத் தொடுத்தார்கள். அது மறைவுக் காசு வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு கௌரவமான வழி என்பது என் அபிப்பிராயம். கேட்டதை ஊரறியக் கேட்டார்கள்.

பணம் கொடுப்பதே குற்றமென்று நான் சொல்லவில்லை. 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பகிரங்கமாகப் பணம் பெற அனுமதி வந்துவிட்டது. முன்பெல்லாம் கனடா லீக்கில் ஆடிய பையனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு அடைபட்டுவிடும். அந்த விதியை 2024 நவம்பரில் மாற்றினார்கள். 2025 ஆகஸ்ட் முதல் அவனும் அங்கே போகலாம். விதி மாறும், தொகை மாறும். ஆனால் பழைய நாளின் பையனை நினைத்துப் பாருங்கள். கிளப்பின் வாய்ச்சொல்லை நம்பிக் கல்லூரிக் கதவைத் தானே அடைத்துக்கொண்டு வருகிறான். இரண்டாம் ஆண்டு முழங்கால் முறிகிறது. கிளப் கைவிரிக்கிறது. எங்கே போய்க் கேட்பான்? லீக்கிடம் கேட்டால், விதி மீறி வாங்கியவன் நீயும்தானே என்பார்கள். காகிதம் இல்லை. சாட்சி இல்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. ஸூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், சிறியதோ பெரியதோ எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துப்பட அல்லாஹ் நமக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறான். கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும் விலக்களிக்கிறான். நாளை தருகிறேன் என்ற வாக்குக்கு அந்த விலக்கு கிடையாது. எழுதப் பயப்படுகிற ஒப்பந்தம் என்றால், அதில் யாரோ ஒருவருடைய ஹக்கு மறைந்திருக்கிறது. பின்தங்கிய கிளப்பின் ஹக்காக இருக்கலாம். பெரும்பாலும் அந்தப் பையனுடையதாகவே இருக்கும்.

இப்பொழுது, எனக்குப் பதில் வராத காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் வேறொரு கடையில் ஒரு பையன் வேலை செய்தான். ஊரிலிருந்து வந்தவன், பத்தொன்பது இருபது வயது. வாடிக்கையாளர் முகம் பார்த்தே என்ன வேண்டுமென்று அறிந்துகொள்வான். அவன் எனக்கு வேண்டுமென்று ஆசைப்பட்டேன். என் கடையிலோ பதினைந்து வருஷம் உழைத்த மூத்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மேல் சம்பளம் போட்டால் மனத்தாங்கல் வரும். ஆகையால் சம்பளப் பட்டியலில் எல்லாரையும் போல ஒரு தொகை. தனியாக மாதம் 300 வெள்ளி கையில். “யாரிடமும் சொல்லாதே தம்பி” என்றேன். “சரி பாய்” என்றான். முதலாளி சொல்லிப் பொய் சொல்ல அன்று பழகினான்.

2020-இல் கொள்ளைநோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் சாத்தியபோது, பட்டியலில் உள்ள சம்பளத்தை எப்படியோ கொடுத்துவந்தேன். அந்த 300 வெள்ளியை நிறுத்திவிட்டேன். எட்டு மாதம். அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? மூத்தவர் பக்கத்தில் நிற்கிறார். ஒரு முறை மட்டும் கல்லாவுக்கு எதிரே வந்து சற்று நேரம் நின்றான். நான் பேரேட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “ஒன்றுமில்லை பாய்” என்று சொல்லிப் போய்விட்டான். விமானம் ஓடத் தொடங்கியதும் ஊர் போனவன், திரும்ப வரவில்லை.

மருமகன் சொன்னதைக் கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள் ஸுபுஹுக்குப் பின் பேரேட்டைத் திறந்து, அவன் பெயரில் 2,400 வெள்ளி பாக்கி என்று எழுதினேன். மூத்தவரை அழைத்து விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு அப்போதே தெரியும் பாய்” என்றார். பிறகு பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவன் ஊர் ஜமாஅத்தாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.