ஒழுங்கையும் அச்சமும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இருட்டிய பின் நடந்து பழகியவர்களுக்கு இவ்விடயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. இருமருங்கும் ஆளுயரத்துக்கு மேலெழுந்த வேலி. சிறிது தூரம் செல்வதற்குள் ஒரு முடக்கு. முடக்குக்கு அப்பால் நிற்பவர் யாரென்பது அங்கே போன பின்பே தெரியும். வீடுகளோ வளவின் நடுவே ஒதுங்கி நிற்பன. மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் தனியே வரும் மாணவி அந்த முடக்கை அண்மித்ததும் மணியை அடிக்கிறாள். எதிரே வருபவரை எச்சரிப்பதற்கு ஒரு தடவை போதும். அவளோ முடக்குத் தாண்டும்வரை அடித்துக்கொண்டே போகிறாள். அவளுடைய அச்சத்தை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடும் அறிஞர் பெருமக்கள் அவ்வழியே ஒருமுறை நடந்து பார்ப்பது நன்று.

அச்சத்தின் வேரை மனத்தில் மட்டும் தேடாது தெருவின் அமைப்பிலும் தேடவேண்டும் என்ற கருத்து, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் பெரும் வாதமாக எழுந்தது. 1961ஆம் ஆண்டு ஜேன் ஜேகப்ஸ் என்னும் எழுத்தாளர், அமெரிக்கப் பெருநகரங்களின் மரணத்தையும் வாழ்வையும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அவர் நகரமைப்பிலே பட்டம் பெற்றவரல்லர். நியூயோர்க்கில் தாம் வாழ்ந்த தெருவைக் கூர்ந்து பார்த்தவர். தெருவின் அமைதியைக் காப்பவர்கள் பொலிசார் மட்டுமல்லர். கடைக்காரர், யன்னலருகே இருக்கும் கிழவி, வேலைக்குப் போவோர், வருவோர் ஆகிய அனைவரின் கண்களுமே அதனைக் காக்கின்றன என்பது அவர் துணிபு. எனவே கடையும் வீடும் கலந்திருக்க வேண்டும். வாயில்கள் தெருவை நோக்கியிருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் ஓயாதிருக்க வேண்டும். அந்நியர் பலர் நடக்கும் தெருவே அஞ்சாது நடக்கத்தக்க தெரு என்றார்.

பதினொரு ஆண்டுகளின் பின், 1972இல், ஒஸ்கார் நியூமன் என்னும் கட்டடக் கலைஞர் ஏறத்தாழ இதற்கு மாறான முடிபுக்கு வந்தார். சென். லூயிஸ் நகரில் வறியோருக்கென எழுப்பப்பட்ட புறூயிற்-ஐகோ குடியிருப்பின் வீழ்ச்சியை அவர் கண்டிருந்தார். பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1954இல் மக்கள் குடியேறத் தொடங்கினர். இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1972இலேயே, அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். எல்லோருக்கும் பொதுவான நடைவழி எவருக்கும் சொந்தமில்லாததாகி, இருளுக்கும் வன்முறைக்கும் உரியதாயிற்று என்றார் நியூமன். வறுமையும் நிறபேதமும் பராமரிப்புக்குப் பணமின்மையும் அக்குடியிருப்பை அழித்த கதையை அவர் போதிய அழுத்தத்தோடு சொன்னாரா என்பது வேறு கேள்வி. 'தம்முடையது' என்று குடியிருப்போர் உணரும் இடத்தையே அவர்கள் காப்பர். ஆதலின் அந்நியர் வரவைக் குறைக்கவேண்டும் என்பது அவர் தீர்வு.

இத்தீர்வு ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில், பைவ் ஓக்ஸ் என்ற பகுதியில், 1990களின் தொடக்கத்தில் செயற்படுத்தப்பட்டது. ஊடறுத்துச் சென்ற தெருக்கள் இரும்புக் கதவுகளால் அடைக்கப்பட்டு, குடியிருப்புச் சிறுசிறு கூறுகளாக்கப்பட்டது. ஊடறுத்துச் சென்ற வாகனங்கள் 67 வீதத்தாலும், குற்றங்கள் 26 வீதத்தாலும், வன்முறைக் குற்றங்கள் 50 வீதத்தாலும் குறைந்தன என்று 1996இல் வெளிவந்த தமது நூலில் நியூமன் எழுதினார். திட்டத்தை வரைந்தவரே எடுத்துரைக்கும் கணக்கு அது. எனினும் அங்கு வாழ்ந்தோர் இரவில் நிம்மதியாக உறங்கினர் என்றால் அதனை நாம் இகழ்வதற்கில்லை.

ஆயின், அந்நிம்மதியின் விலையைச் செலுத்தியவர் யார்? கதவுக்கு உள்ளே இருப்பவரிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. அவ்வழியே வேலைக்குச் சென்றவரிடம் எவரும் கேட்பதில்லை. அவர் இனிச் சுற்றிச் செல்லவேண்டும். ஒருவேளை முன்னையதிலும் இருண்ட பாதையால். அச்சம் ஒழியவில்லை, வீடுள்ளவரிடமிருந்து வழிப்போக்கரிடம் கைமாறியது. உடைமையுள்ளோரின் அச்சம் மனுவாகவும் தீர்மானமாகவும் உருப்பெறுகிறது. இரவு வேலை முடிந்து தெருவால் செல்லும் தொழிலாளிக்கும் அச்சமுண்டு. கள்வனுக்கு அவர் அஞ்சுகிறார். கள்வனென்று தாமே ஐயுறப்படுவதற்கும் அஞ்சுகிறார். இந்த இரண்டாவது அச்சத்தை அளக்க எவரும் வினாக்கொத்தோடு வருவதில்லை.

ஜேகப்சின் 'கண்களை'யும் நாம் ஐயமின்றி ஏற்கமுடியாது. நமது ஊர்க்கண் அந்த மாணவியைக் கள்வனிடமிருந்து காக்கும். அவள் யாரோடு நின்று கதைத்தாள் என்பதை அன்றிரவே அவளது வீட்டுக்கும் அறிவிக்கும். வேலிக்கு உள்ளே, வீட்டுக்குள்ளேயே அடிபடும் பெண்ணுக்கோ அதே கண்கள் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன.

நமது பழைய அமைப்பிலே இவ்விரு அறிஞரும் காணாத சில இருந்தன. கிடுகு வேலி உயர்ந்ததுதான்; ஆனால் அயல் வளவுக்குப் போகவர அதில் ஒரு பொட்டு இருந்தது. ஒரு வீட்டில் அவலக்குரல் எழுந்தால் மறு வீட்டார் படலையைச் சுற்றி வரவேண்டியிராது. சங்கடப் படலை கூரையோடும் திண்ணையோடும் தண்ணீர்ப் பானையோடும் வழிப்போக்கரை எதிர்கொண்டது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் தெருவுக்கு மேலே கூரை வேய்ந்து நிற்கிறது. ஆயினும் தெருவை அடைக்கவில்லை. அத்திண்ணைகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருந்தன என்று நாம் கதைகட்ட வேண்டியதில்லை. பொது இடங்களைச் சாதியின் பேரால் மறுப்பது குற்றமென்று சொல்வதற்கு இந்நாட்டில் 1957ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதன் பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது.

இன்று பொட்டும் இல்லை, சங்கடப் படலையும் அருகிவிட்டது. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் ஒழுங்கைகளிலுள்ள வீடுகள் பலவற்றைப் பூட்டிவிட்டன. கிடுகு வேலி நின்ற இடத்தில் சீமெந்து மதில்; மதிலின்மேல் கண்ணாடித் துண்டுகள்; வசதியுள்ளவர் வாசலில் கமரா. வாள்வெட்டுச் செய்திகளைப் பத்திரிகையில் வாசிக்கும் ஒருவர் மதிலை உயர்த்துவதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் மதில் உயர உயர, ஒழுங்கையில் நடப்பவர் மேலும் தனித்துவிடுகிறார். தனித்த ஒழுங்கையைக் கண்டு உள்ளேயிருப்பவர் மேலும் அஞ்சி மதிலை உயர்த்துகிறார்.

நாம் படிப்பிக்கும் பாடசாலைக்கு அண்மையில் அத்தகைய ஒழுங்கை ஒன்றுண்டு. இரண்டு களவுகள் நடந்தபின், அதன் ஒரு முனையில் இரும்புக் கதவிட்டு மாலை ஆறு மணிக்குப் பூட்டவேண்டுமென்று குடியிருப்போர் மனுவொன்று தயாரித்தனர். ஒழுங்கையின் பின்புறத்தே கூலிவேலை செய்வோரின் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆறரைக்கே முடிகிறது. கதவு பூட்டப்பட்டால் அவர்கள் பெருந்தெருவால் அரைமைல் சுற்றவேண்டும். மனுவில் எம்மிடமும் கையொப்பம் கேட்டனர். இரு முடக்குகளிலும் விளக்கிடுவதற்கும், முடக்கிலுள்ள மதிலை இடுப்பளவுக்குத் தணிப்பதற்கும், பாழ்வளவுகளைத் துப்புரவாக்குவதற்கும் மனு எழுதினால் ஒப்பமிடுவோம் என்றோம். விளக்குக்கு அனைவரும் உடன்பட்டனர். மதிலைத் தணிப்பதற்கு முடக்கு வீட்டுக்காரர் இன்னும் உடன்படவில்லை. முதலில் கதவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்.