கண் கண்டதும் மனம் கொண்டதும்

வாசகரே, நீர் நெடுநாளாய் உண்மையென்று நம்பி வந்த ஒன்றைத் தவறென்று உம் கண்ணே காட்டுமானால் என்ன செய்வீர்? "என் எண்ணத்தைத் திருத்திக்கொள்வேன்" என்பீர். அது அவ்வளவு எளிதா? நடந்த ஒன்றைக் கேளும்.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அவ்வருடந்தான் முதன்முறையாகப் பெண்கள் ஓட்டப் பந்தயங்களில் சேர்க்கப்பட்டார்கள். 800 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஒன்பது பெண்கள் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனி தேசத்து லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் முதலாவதாக வந்தார். ஜப்பானியப் பெண் ஹிதோமி கினுயே இரண்டாவதாக வந்தார். முதல் மூவருமே அதுவரை இருந்த உலக சாதனையை மிஞ்சினார்கள். ஓடி முடித்த சிலர் களைப்பால் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படிச் சாய்வதுண்டல்லவா?

ஆனால் சில பத்திரிகைகள், பலர் பாதி வழியிலேயே விழுந்துவிட்டதாக எழுதின. "பெண்ணுடல் இதைத் தாங்காது" என்ற பேச்சு வலுத்தது. பந்தயமே நீக்கப்பட்டது. மறுபடியும் அது சேர்க்கப்பட்டது 1960-இல், ரோமாபுரியில். இடையே 32 ஆண்டுகள்! எத்தனை பெண்களின் இளமை அதற்குள் கழிந்திருக்கும்!

கண்டவர்கள் எல்லாரும் பொய்யர்களா? இல்லை. 1957-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்ணங்கள் உள்ளத்தில் மோதும்போது மனிதனுக்கு வேதனை உண்டாகிறது. அதைத் தணிக்கவே மனம் துடிக்கிறது. பழைய நம்பிக்கையை விடுவது கடினம்; கண்ட காட்சியைத் திரித்துக்கொள்வது சுலபம். ஆகவே மனம் சுலபமான வழியில் போகிறது.

வெகு தூரம் போவானேன்? நம் வீட்டைப் பார்ப்போம். "பெண்பிள்ளைக்குக் கணக்கு வராது" என்கிறார் தகப்பனார். மகள் கணக்கில் முதலாவதாகத் தேறுகிறாள். "இவள் விதிவிலக்கு" என்கிறார். அடுத்த வீட்டுப் பெண்ணும் தேறுகிறாள். "அவளும் விதிவிலக்கு." விதிவிலக்குகள் பெருகப் பெருக விதி எங்கே நிற்கிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்டால், மூத்த மகளின் படிப்பை நிறுத்தியது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அந்த வேதனைக்கு அஞ்சியே மனம் கதவைத் தாழிட்டுக்கொள்கிறது.

அப்படியானால் புதிதாகச் சொல்லப்படுவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அதுவும் சிந்தனையன்று. புதுமைக்காரனும் தனக்கு ஒவ்வாத சாட்சியத்தை ஒதுக்கிவிடக் கூடும். பழையதோ புதியதோ, எந்த எண்ணத்தையும் ஒரே தராசில் நிறுப்பதே நேர்மை.

ஆகையால், ஆண் இப்படி, பெண் இப்படி என்று சொல்ல வாயெடுக்கும்போது மூன்று கேள்விகளை உம்மையே கேட்டுக்கொள்ளும். இதை நான் கண்டேனா, கேட்டேனா? எதைக் கண்டால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்? மாற்றினால் நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்?

கடைசிக் கேள்விதான் கசக்கும். ஆயினும் அதைத் தவிர்க்காதேயும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண்கள் 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாரத்தானையே ஒலிம்பிக்கில் ஓடிக் காட்டினார்கள். உலகம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள அத்தனை காலம் எடுத்துக்கொண்டது. உம் மூத்த மகளுக்கு அவ்வளவு காலம் கிடையாது.